மணிக்கூண்டுக் கல்லும் தேய்ந்த பதக்கமும்: பட்டாளத்துப் பதிவேடுகளோடு ஆறு வருடம்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1914–19 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கும். பெயர் ஒன்றுகூட இல்லை. எண்ணை மட்டும் மாற்றி இதே வாசகத்தை நாட்டின் பல ஊர்களில் நட்டிருக்கிறார்கள். 277-இல் 14 போக 263. என் ஆறு வருடத் தேடலும் அந்த 263 மாதிரியான ஆட்களில் ஒருவரைப் பற்றித்தான்.

எங்கள் கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர். வேலூருக்கு மேற்கே எங்கள் கிராமத்தில் இன்றும் எங்கள் வீட்டைப் ‘பசராக்காரர் வீடு’ என்றுதான் சொல்வார்கள். பஸ்ரா என்பது இராக்கில் இருக்கிறது என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். கையில் இருந்த ஒரே ஆதாரம் ஒரு வெள்ளிப் பதக்கம். முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. பின்பக்கம் அம்மணமாக ஒருவன் குதிரை மேல் உட்கார்ந்திருப்பான். அதனாலேயே பாட்டி அதைச் சாமி அலமாரியில் வைக்க விடவில்லையாம்.

இதே பதக்கத்தில் வெண்கலமும் உண்டு. கூலிப்படை, சுமை தூக்கிகள் மாதிரி ஆயுதம் ஏந்தாமல் போனவர்களில் பலருக்கு அதைக் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது எந்த உலோகம் என்பதே ஒரு தகவல். அதைவிட முக்கியம் விளிம்பு. பதவி, பெயர், நம்பர், படைப்பிரிவு எல்லாம் அந்த மெல்லிய விளிம்பில்தான் பொறித்திருக்கும். எங்கள் பதக்கத்தில் ‘சாப்பர்’ (பாலம், பாதை போடும் பொறியியல் படைச் சிப்பாய்) என்பதும், விக்டோரியா மகாராணி பெயரைத் தாங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்பதற்கான சுருக்கெழுத்துகளும் தெரிந்தன. நம்பரில் கடைசி இலக்கம் மட்டும் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. காரணம், எங்கள் வீட்டுப் பெண்கள் பொங்கலுக்குப் பொங்கல் குத்துவிளக்கு, குங்குமச்சிமிழோடு சேர்த்து இதையும் விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நூறு வருட விபூதி ஒரு இலக்கத்தைத் தின்றுவிட்டது.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டிச் சேரும் ஒரு வம்சாவளித் தளத்தில் ஒரு வருடச் சந்தா எடுத்தேன். வாரம் தவறாமல் ‘உங்கள் மூதாதையர் கிடைத்துவிட்டார்’ என்று மின்னஞ்சல் வரும். திறந்தால் யார்க்‌ஷயரில் ஒரு வெள்ளைக்காரர். நம் ஆட்களைத் தேட அந்தச் சந்தா தேவையே இல்லை.

தேவைப்பட்டது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். 1917-இல் தொடங்கிய அமைப்பு. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் பதிவுகள் அதில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. ஆனால் நம் பெயர்களைப் போட்டுத் தேடினால் முதல் மாதத்திலேயே வெறுத்துப்போகும். அன்றைக்கு எழுதிக்கொண்ட குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். முனுசாமி ஒரு இடத்தில் முனிசாமி, இன்னொரு இடத்தில் மூணூஸ்வாமி. ஏழுமலை என்ற பெயர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தள்ளியிருப்பார்கள்.

எனக்குப் பழகின வழி இது: பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். படைப்பிரிவைப் போடுங்கள். கூடுதல் தகவல் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஆங்கிலத்தில் வட ஆற்காடு என்றோ தாலுகா பெயரையோ போடுங்கள். ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ என்று வரிசையாக விழும். அப்புறம் கண்ணால்தான் தேட வேண்டும். நம்பர் தெரிந்தால் இன்னும் சுலபம். ஆனால் ஒன்று, இந்தியப் படையில் நம்பர் என்பது அந்தந்த ரெஜிமெண்டுக்குள் மட்டும்தான். அதே நம்பர் இன்னொரு ரெஜிமெண்டில் இன்னொருவருக்கு இருக்கும். இது தெரியாமல் நான் ஒரு பாலம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாயின் பின்னால் நாலு மாதம் அலைந்தேன்.

பஸ்ரா நினைவுச்சின்னம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்து கல்லறை தெரியாமல் போன 40,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது. முதலில் துறைமுகத்தை ஒட்டி இருந்தது. சதாம் காலத்தில், 1997-இல், நசிரியா சாலையில் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தச் சுவரில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்டின் கீழே ‘இத்தனை பேர்’ என்று எண்ணிக்கை மட்டும். மணிக்கூண்டுக் கல்லின் அதே புத்திதான். இப்படி 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்கள் என்று 2021-இல் ஆணையமே அறிக்கை போட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரோ, சில சமயம் எந்த நினைவுமோ இல்லை என்பதும் அதே அறிக்கைதான். கேட்டதை நான் குறைசொல்ல மாட்டேன். நூறு வருடம் கழித்து என்பதுதான் உறுத்துகிறது.

பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தையும் நிறையப் பயன்படுத்தினேன். 2020 கொரோனா சமயத்தில் தரவிறக்கத்தை இலவசமாக்கினார்கள், அப்போது கைக்கு எட்டியதையெல்லாம் அள்ளினேன். டபிள்யூஓ 95 என்ற வரிசையில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. பென்சிலில் எழுதின பக்கங்கள். ஒரு நாள் பாலத்துக்குப் பலகை வந்தது, மறுநாள் ஆற்றில் வெள்ளம், அதற்கு மறுநாள் காய்ச்சலில் இத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு. படிக்கப் படிக்க அந்த இடத்தின் சேறும் வெயிலும் தெரியும். ஆனால் அதிகாரிக்கு மட்டும்தான் அதிலும் பெயர். நம் ஆட்கள் மொத்தமாக ‘இந்தியப் பிற பதவியினர்’, அதுவும் மூன்றெழுத்துச் சுருக்கமாக, முன்னால் ஒரு எண்ணோடு. எந்த எண்ணுக்குள் என் கொள்ளுத்தாத்தா இருந்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாதாரண இந்தியச் சிப்பாயின் பணிப் பதிவேடு லண்டனுக்குப் போனதே இல்லை, இந்தியாவிலேயே தங்கிவிட்டது. ஒரு ராணுவ ஆவண அலுவலகத்துக்கு இரண்டு பதிவுத் தபால் அனுப்பினேன். இரண்டாவதற்குப் பதில் வந்தது: அவ்வளவு பழைய தாள்கள் இல்லை.

விருது வாங்கியவர் என்றால் கதை வேறு. பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட் இணையத்தில் இருக்கிறது, இலவசமாகத் தேடலாம். காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்ரமணியம், இதே மெட்ராஸ் சாப்பர்ஸ், 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றியவர். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர். அவரைப் பற்றி ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். செத்தால் கல்லறை ஆணையம், சாகசம் செய்தால் கெஜட். ஒழுங்காகப் பாலம் கட்டிவிட்டு, காய்ச்சலையும் பொறுத்துக்கொண்டு, உயிரோடு ஊர் வந்து சேர்ந்தவரைப் பற்றித்தான் எந்தத் தளத்திலும் ஒரு வரி இல்லை.

மூன்றாவது வருடம்தான் வினையே வந்தது. கல்லறை ஆணையத் தளத்தில் அதே பெயர், அதே சாப்பர்ஸ், நம்பரில் கடைசி இலக்கம் 3, போளூர் தாலுகாவில் ஒரு கிராமம், 1918-இல் மரணம் என்று ஒருவர் கிடைத்தார். விளிம்பில் இருப்பது 3 என்றால், எங்கள் வீட்டுப் பதக்கம் இறந்துபோன இன்னொருவருடையது. கொள்ளுத்தாத்தாவுக்கு வட்டிக்கு விடும் பழக்கமும் இருந்தது என்பார்கள். யாரோ அடகு வைத்து மீட்காமல் விட்டதா? இதை வாயை அடக்காமல் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

“அடுத்தவன் பொருளையாடா நூறு வருஷமா தேச்சிட்டிருந்தோம்?” என்றார். அந்த வருடம் தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய்த் துறை ஆணைகளைப் புரட்டினேன். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் ராணுவத் துறைக் கோப்புகளைத் தேடினேன். அரசாங்கம் என்ன நினைத்தது என்பதற்கு இரண்டும் நல்ல இடம். தனி ஆளைப் பிடிக்க முடியாது. ஆனால் அங்கே ஒன்று உறைத்தது. திரும்பி வந்தவர் பட்டாளத்துக் காகிதத்தில் இருக்க மாட்டார், நிலத்துக் காகிதத்தில் இருப்பார்.

பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி. கரையான் தின்றது போக மிச்சமிருந்த பத்திரங்களில் 1931-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் ஒன்று, முத்திரைத்தாள் ஓரம் பொடிந்து போய். இன்னார் குமாரர் இன்னார் என்று தொடங்கி, மற்றப் பத்திரங்களில் ‘விவசாயம் ஜீவனம்’ என்று வரும் இடத்தில் இதில் ‘மிலிட்டேரி பென்ஷன் ஜீவனம்’ என்று இருந்தது. கிணற்றில் பாதிப் பாத்தியத்தோடு ஒன்றரை ஏக்கர் புஞ்சை. கீழே கையெழுத்து. தமிழில், தடுமாறித் தடுமாறி எழுதின பெரிய பெரிய எழுத்து. அந்தப் பெயருக்கு முன்னால், யாரும் கேட்காமலே, பட்டாளத்தில் எழுதிப் பழகின கையோடு தன் நம்பரையும் எழுதியிருக்கிறார். கடைசி இலக்கம் 8.

அத்தைக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் காலையில் அதிரசம் வந்தது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: வீணாய்ப் போன சந்தாவைத் தவிர்த்தால் பேருந்துக் காசும் ஜெராக்ஸ் காசும்தான். இனித் தொடங்குபவர்கள் நான் போன வழியைத் திருப்பிப் போங்கள். முதலில் பரண், அப்புறம் பதக்க விளிம்பு, அதன் பிறகு கணினி. விளிம்பைப் படிக்கத் தேய்க்காதீர்கள். மெல்லிய தாளைச் சுற்றி பென்சிலை லேசாக ஓட்டினால் போதும், அல்லது செல்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுங்கள்.

அந்த 3-ஆம் நம்பர்க்காரரை என்னால் விட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போளூர் பக்கம் அந்தக் கிராமத்துக்குப் போனேன். தந்தை பெயர், இறந்த தேதி, பஸ்ரா சுவரின் பலகை எண் வரை தாளில் இருந்தது. ஊரில் மூத்தவர்கள் நாலைந்து பேரிடம் கேட்டேன். அப்படி ஒரு குடும்பம் இருந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் தாளை வாங்கி, மெதுவாகப் பெயரைப் படித்துவிட்டு, “இருக்கட்டும், யாராச்சும் கேட்டு வந்தா குடுக்கறேன்” என்று கண்ணாடி அலமாரியில் பன் ஜாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.