ஸ்டார்ட் ஆகிற வீடியோவை நம்பி பழைய காரை விட்டுப் போகாதீர்கள்

பழைய வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடமாவது கொடுத்துவிட்டு வெளியூர் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு 44,800 ரூபாய் போனது, அதற்கு மேல் ரிப்பேர் செலவு தனி.

அப்பா வாங்கிய 1986 பிரீமியர் பத்மினி. வீட்டில் யாரும் பத்மினி என்று சொன்னதில்லை, பியட்தான். 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டின கியர், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா அதை எடுத்துக்கொண்டு பேரூர் வரை போய் வருவார், அவருக்கு அப்புறம் நான். வேறு வைத்தியம் எதுவும் செய்ததில்லை, வண்டியும் பெரிய செலவு வைத்ததில்லை. 2024 ஜூலையில் புனேவுக்கு மாற்றல் வந்தது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது.

ஊருக்கு வெளியே ஒரு ஒர்க்‌ஷாப், வாசலில் ‘வின்டேஜ் கார் பராமரிப்பு’ என்று போர்டு. (சட்டப்படி 50 வருஷம் தாண்டினால்தான் வின்டேஜ், 2021இல் வந்த விதி அது. போர்டுக்கு ஏது விதி.) பேசியது இதுதான்: மாதம் 2,500, பெட்ரோலுக்கு 700, வாரம் ஒரு தடவை 20 கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். எல்லாம் வாய்ப்பேச்சு. சனிக்கிழமைதோறும் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வரும், எஞ்சின் சத்தத்தோடு. “வண்டி ஜம்முனு இருக்குதுங் சார்.” நானும் அதை ஆபீஸில் நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2025 செப்டம்பரில் திரும்பி வந்து வண்டி எடுக்கப் போனேன். கிளட்ச் மிதித்தால் கியர் விழவில்லை. தள்ளிப் பார்த்தால் பின்சக்கரம் அசையவில்லை. குனிந்து பார்த்தேன், முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, இரண்டிலும் ஒட்டினபடி, ஒரு விரிசல் இல்லாமல். வீட்டில் குளவி கூடு கட்டினால் விசேஷம் என்பார்கள், சக்கரத்தில் கட்டினால் என்ன அர்த்தம் என்று அப்போது புரிந்தது.

கொடுக்கும்போது மீட்டரில் 71,406, போட்டோ இருக்கிறது. இப்போது 71,417. பதினாலு மாதத்துக்கு 11 கிலோமீட்டர்! கேட்டால், “ஸ்பீடோமீட்டர் கேபிள் கட்டாயிருச்சுங் சார்.” ரெக்கவரி வண்டியில் ஏற்றி அப்பா காலத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கேபிளைத் தொடவே இல்லை. பிரேக், கிளட்ச் வேலை முடிந்து ரோட்டில் இறங்கின அன்றே மீட்டர் ஒழுங்காக ஓடியது.

அதற்கு அப்புறம்தான் பழைய வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். பின்னால் சுவரில் ஒரு தினசரி காலண்டர். டிசம்பரில் வந்ததிலும் பிப்ரவரியில் வந்ததிலும் கிழிக்காத அதே தேதி. ஒரே நாளில் பத்துப் பதினைந்து எடுத்து வைத்துக்கொண்டு வாராவாரம் ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள்.

சரி, நிஜமாகவே வாரம் ஒருமுறை ஸ்டார்ட் மட்டும் செய்திருந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். மெக்கானிக் சிரித்தார். “தம்பி, அதுக்கு சும்மா விட்டிருக்கலாம்.” சோக் இழுத்து ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டால் ஆயில் சூடே ஏறாது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும், சைலன்சரில் நீர் தங்கி உள்ளே துருப்பிடிக்கும், ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டு அளவுக்குக்கூட பேட்டரியில் திரும்ப ஏறாது. அரை மணி நேரமாவது ஓடினால்தான் எஞ்சின் முழுக்கச் சூடாகி அந்த ஈரம் வெளியே போகும். பிரேக்கும் கிளட்ச்சும் டயரும் வேலை செய்வதும் ஓடும்போதுதானே. என் வண்டியில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிவிட்டது, கிளட்ச் பிளேட் பிளைவீலோடு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், நின்றே கிடந்ததில் வீல் சிலிண்டர் நாலும் உள்ளே துரு. டேங்கைத் திறந்தால் பெயின்ட் கடை வாசனை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுவும் ஈரம் இழுக்கும். அடியில் தண்ணீர் தேங்கி, கார்புரேட்டர் ஜெட்டெல்லாம் பிசின்.

திருட்டும் உண்டு. போவதற்கு முந்தின வருஷம் போட்ட பேட்டரி, வாரன்டி கார்டில் உள்ள நம்பரும் வண்டியில் இருக்கிற பேட்டரியின் நம்பரும் வேறு. ஸ்டெப்னி டயரில் 0915 என்று இருக்கிறது, அதாவது 2015இன் ஒன்பதாவது வாரம். நான் வைத்துவிட்டுப் போனது 2023 டயர்.

மொத்த ரிப்பேர் 61,000. அடுத்த வருஷம் ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும், அதனால் எதையும் தள்ளிப்போட முடியவில்லை.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கிலோமீட்டரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பேட்டரி நம்பர், ஐந்து டயரின் தேதி எல்லாம் அதே தாளில். மாதாமாதம் பங்க் பில் கேளுங்கள். வீடியோ வேண்டுமானால் நீங்களே வீடியோ காலில் கூப்பிடுங்கள், முன்னறிவிப்பு இல்லாமல், ஓடுகிற வண்டியின் மீட்டரைக் காட்டச் சொல்லி. இன்னும் நல்லது, சொந்தக்காரப் பையன் யாருக்காவது சாவியைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது சுற்றச் சொல்வது. ஒரு கீறல் விழலாம், விழட்டும்.

ஒர்க்‌ஷாப்காரர் பத்தாயிரம் தருகிறேன் என்று சொல்லி நாலாயிரம் அனுப்பினார், அப்புறம் போனை எடுப்பதில்லை. ஜிபே கணக்கும் காலண்டர் தெரிகிற வீடியோக்களும் கையில் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டெப்னி இன்னும் திரும்பி வரவில்லை.