ஆழ்கடல் நீரோட்டமானி: 7 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஆழ்கடல் நீரோட்டமானி வாங்க நினைப்பவர்கள், அது வேகத்தை எவ்வளவு துல்லியமாக அளக்கும் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒலியின் எதிரொலியைக் கொண்டு வேகம் காணும் டாப்ளர் முறையில் ஒரே இடத்து ஓட்டத்தை அளக்கும் 4 கருவிகளைப் புதுச்சேரியில் எங்கள் பணிமனையில் வைத்துப் பராமரித்து, 7 ஆண்டுகளில் 5 முறை ஆழ்கடலில் இறக்கி எடுத்திருக்கிறேன். இன்று வேகத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. என் உழைப்பும் கவலையும் பெரும்பாலும் திசைக்கே போயிருக்கின்றன. இதை விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் கருவிகள் நின்ற இடம், இந்தியப் பெருங்கடலின் அடியில் 90 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 5000 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர். அதன் வடகோடி வங்கக் கடலின் வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. புதையாத பகுதி, சுற்றியுள்ள கடல்தரையிலிருந்து 2 முதல் 3 கிலோமீட்டர் உயரம் எழுந்து, இருபுறத்து ஆழ்நீரையும் மதில்போலப் பிரித்து நிற்கிறது. அண்டார்க்டிக்காவை அடுத்த கடல்களில் குளிர்ந்து அமிழ்ந்த நீர், இந்த மதிலின் கிழக்குச் சரிவை ஒட்டி வடக்கு நோக்கி ஊர்ந்து வருகிறது. அதில் ஒரு பங்கு, தெற்கு அட்சரேகை 10 பாகைக்கும் 5 பாகைக்கும் அருகில் மலைத்தொடரில் உள்ள தாழ்வான கணவாய்களின் வழியே மேற்கே கசிந்து மத்திய இந்தியப் படுகையை அடைகிறது என்று கடலியலாளர் புரூஸ் வாரன் 1982-ல் எழுதினார். நீரின் பண்புகளைக் கொண்டு அவர் ஊகித்ததை நேரில் அளக்க வேண்டுமானால், கடல்தரையில் நங்கூரம் போட்டு, கம்பியில் கருவியைக் கட்டி, ஓராண்டு அங்கேயே விட்டுவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதே 90 பாகை வரிசையில் 2004 முதல் நிறுத்தப்பட்டுவரும், இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கும் ராமா மிதவைகள் கடலின் மேல் சில நூறு மீட்டர்களைத்தான் பார்க்கின்றன.

அந்த ஆழத்தில் ஓட்டம் மெதுவானது. நொடிக்கு 3 செ.மீ. என்றால் நாளொன்றுக்கு 2.6 கிலோமீட்டர்தான். போதாக்குறைக்கு, 12 மணி 25 நிமிடங்களுக்கு ஒருமுறை ஓதம் வேறு நீரை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மலைத்தொடரை ஒட்டி நீர் நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஓடும்போது கருவியின் திசைகாட்டி 5 பாகை பிசகினால், மலையைக் கடக்காத நீர் நொடிக்கு 0.9 செ.மீ. வேகத்தில் கடந்துபோவதாகப் பதிவாகிவிடும். நாம் தேடிப்போன கசிவே அந்த அளவில் இருக்கக்கூடும் என்னும்போது, பிசகிய திசைகாட்டி இல்லாத ஓர் ஆற்றையே காகிதத்தில் ஓடவிட்டுவிடும். வேகத்தில் 1 விழுக்காடு பிழை இதனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

முதல் ஆண்டு திசைகாட்டிச் சோதனையைப் பணிமனையின் மொட்டைமாடியில் செய்தோம். ஒரே மேசையில், ஒரே நாளில் சோதித்த 2 கருவிகளுக்கிடையே 11 பாகை வேறுபாடு வந்தது. கருவியின் கோளாறு என்றே நினைத்துத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போய்விட்டேன். காங்கிரீட்டுக்குள் இருந்த இரும்புக் கம்பிகள்தாம் காரணம் என்று புரிய 2 வாரம் ஆயிற்று. அதன்பின் சோதனையைக் கடலூர் தாழங்குடாப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்கு மாற்றிக்கொண்டோம். ஆணியில்லாமல் மரமுளை வைத்துச் செய்த முக்காலியின்மேல், 10 பாகைக்கு ஒரு கோடு கிழித்த வட்டப்பலகை இருக்கும். கைக்கடிகாரம், இடைவார், கைபேசி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் தொலைவில் நிறுத்திய வண்டியிலேயே வைத்துவிட்டு வந்து, கருவியைக் கோட்டுக்குக் கோடு திருப்பி, ஒவ்வொன்றிலும் 2 நிமிடம் நிறுத்துவோம். மொத்தம் 36 கோடுகள். ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் செய்த பழைய நீரோட்டமானியில் சிறு குண்டுகள் விழுவதற்குத் திசைகாட்டிப் பெட்டிக்குள் 36 அறைகள் இருந்தன என்பது அந்தப் பலகையின்முன் உட்காரும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

இதில் இரண்டு செய்திகள் முக்கியம். கடலில் எந்த மின்கலத் தொகுதியோடு கருவி இறங்கப்போகிறதோ, அதே தொகுதியைப் பூட்டித்தான் சோதிக்க வேண்டும். மின்கலத்தின் எஃகு உறையே முள்ளை இழுக்கும். சோதனை முடிந்தபின் புதிய மின்கலம் மாற்றினால் செய்த வேலை வீண். மற்றொன்று நம் ஊருக்கே உரியது. காந்தப்புலம் மேலோ கீழோ சாயாத இடங்களை இணைக்கும் காந்தநடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், கடலூரில் புவியின் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே இருக்கிறது. கருவி சற்றுச் சாய்ந்தாலும் திசை அதிகம் பிசகாது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும். தெற்கு அட்சரேகை 10 பாகையிலோ காந்தப்புலம் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. ஓட்டத்தின் தள்ளலில் கம்பி சாயும்போது, சாய்வுமானியில் உள்ள சிறு பிழை அங்கே திசைப்பிழையாக மாறிவிடும். ஆகவே சாய்வுமானியைத் தனியாக, ஆப்புவைத்துக் கோணம் அளந்து சோதித்துக்கொள்ள வேண்டும். எங்கள் முதல் 2 ஆண்டுப் பதிவுகளை இந்தத் திருத்தம் செய்யாமல் நான் யாருக்கும் தருவதில்லை.

டாப்ளர் கருவி வேண்டுமா, ஓட்டத்தில் சக்கரம்போல் சுழலும் உறுப்பைக் கொண்ட பழைய சுழலிக் கருவி போதுமா என்று கேட்பவர்களுக்கு, மலைத்தொடர் ஓரத்துக்கு டாப்ளர்தான் என்பது என் தெளிவான கருத்து. சுழலி, மிக மெதுவான ஓட்டத்தில் உராய்வை மீற முடியாமல் நின்றுவிடும். ஆழ்கடலில் பல மணி நேரம் ஓட்டம் அப்படித்தான் இருக்கும். டாப்ளருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால், நீரில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பித்தான் அது இயங்குகிறது. ஆழநீர் தெளிந்தது, துகள் குறைவு, எதிரொலி மெலிவு. அதை ஈடுகட்ட ஒவ்வோர் அளவீட்டுக்கும் அதிக முறை ஒலி எழுப்பிச் சராசரி எடுக்க வேண்டும். அது மின்கலத்தைத் தின்னும். அரைமணிக்கு ஒருமுறை 1 நிமிடச் சராசரி என்ற அமைப்பில் எங்களுக்கு 13 மாதம் தாங்கியது. குளிரில் மின்கலத்தின் திறன் குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கருவி எவ்வளவு நல்லதாயினும், அதை மேலே கொண்டுவருவது, ஒலிக் கட்டளைக்குத் திறந்து நங்கூரத்தை விட்டுவிடும் கொக்கி. கப்பலில் எல்லோரும் அதை ரிலீஸ் என்றே சொல்வோம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காமல், இரண்டை இணையாகப் பூட்டுங்கள். 3000 மீட்டர் ஆழத்துக்குக் கட்டளை போய்ச் சேர 2 நொடி, பதில் வர 2 நொடி. ஒலியை அனுப்பி வாங்கும் கருவியைப் பக்கவாட்டில் நீருக்குள் தொங்கவிட்டு, கப்பலின் எந்திரத்தை நிறுத்தச்சொல்லி, அந்த 4 நொடியை எண்ணிக்கொண்டு நிற்கும்போது தளத்தில் யாரும் பேசமாட்டார்கள். நான்காம் முறை முதல் கொக்கியிடமிருந்து பதிலே வரவில்லை. ஒருமணி நேரம் முயன்றுவிட்டு இரண்டாவதற்குக் கட்டளை அனுப்பினோம். முக்கால் மணி நேரம் கழித்து மஞ்சள் உறையிட்ட கண்ணாடி மிதவைகள் அலைகளுக்கிடையே தலைகாட்டின. 43 செ.மீ. விட்டமுள்ள அந்த உருண்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 கிலோ எடையைத் தூக்கும். ஒவ்வொரு முறையும் உறையைக் கழற்றி, இரு அரைக்கோளங்கள் சேரும் விளிம்பில் கண்ணாடி பொரிந்து உள்ளே தூளாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அந்த மிதவைக்கு ஓய்வுகொடுத்துவிடுங்கள். ஒன்று நொறுங்கினால் அந்த அதிர்ச்சியிலேயே அருகில் உள்ளவையும் நொறுங்கக்கூடும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு கருவிக்குள் நீர் புகுந்தது. மூடியின் இடுக்கில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின்மேல் படிந்திருந்த ஒரு துணிநூலிழைதான் காரணம். 3000 மீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும்போது அந்த இழையே வாய்க்காலாகிவிட்டது. அப்படிப்பட்ட கருவிக்குள் அழுத்தம் அடைபட்டிருக்கும் என்பதால், மூடியின் நேரெதிரே நிற்காமல், திருகுகளைச் சிறிதுசிறிதாக மாறிமாறித் தளர்த்த வேண்டும். இன்று ஓ-ரிங்கைத் துணியால் துடைப்பதே இல்லை. விரலால் மசகு தடவி, விளக்கொளியில் சுற்றிலும் பார்த்து, இன்னொருவரையும் பார்க்கவைத்த பிறகே மூடுகிறோம். மாற்று மின்கலத் தொகுதிக்கு விற்பனை முகவர் ஒருமுறை எங்களை 5 மாதம் காக்கவைத்தார். அதன்பின் பயணத் தேதி முடிவானவுடனே, முதல் வேலையாக மின்கலத்துக்குப் பணம் கட்டிவிடுகிறோம்.

ஆழ்கடலுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு கருவியையும் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு எதிரே 25 மீட்டர் ஆழத்தில் 10 நாள் நிறுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். அங்குள்ள மீனவர்களுக்கு நீரோட்டம் என்றால் வெள்ளம். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். ஐந்தாம் பயணத்துக்கு முந்தைய சோதனையில் கருவி அடிநீர் வடக்கே போவதாகப் பதிந்திருந்தது. எங்களைப் படகில் கூட்டிப்போன பெரியவரிடம் கணினித்திரையைக் காட்டியபோது அவர் தலையசைக்கவில்லை.

"மேலதான் தெண்டி. அடியில வன்னி இழுக்குது தம்பி. வலை அந்தப் பக்கமாத்தானே சாயுது?"

பணிமனைக்குத் திரும்பி அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கருவி நிமிர்ந்து நிற்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்ற இடத்தில் தவறானதைத் தேர்ந்திருந்தேன். அதனால்தான் திசை புரண்டிருந்தது. அந்த அமைப்போடு அது ஓராண்டு மலைத்தொடரில் நின்றிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் சோதனைப் பதிவேட்டில் தேதி, ஆழம், கருவி எண் ஆகியவற்றுக்கு அடுத்து ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அன்று மேலே என்ன வெள்ளம், அடியில் என்ன வெள்ளம் என்று படகில் இருப்பவரைக் கேட்டு, கருவியைத் திறப்பதற்கு முன்பே அதை நிரப்பிவிடுகிறோம்.