செட்டிநாட்டுப் பக்கம் 'இன்டோர் ஆன்டெனா' மாட்ட வருபவரிடம் ஏமாற வேண்டாம்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் ரேடியோ ஸ்கேனர் (பல அலைவரிசைகளைத் தேடிக் கேட்கிற கருவி), ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிற வானொலி) வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். மாடியில் கம்பம் நட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே மாட்டலாம் என்று ஒருவர் 'ஃபாரின் ஆன்டெனா' விற்கிறார். என் சித்தப்பாவிடம் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவர், இப்போது போனை எடுப்பதில்லை.

சித்தப்பா முறையாகத் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய ஹாம். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு இதுதான். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம் நண்பர்கள் பேசுவதைக் கேட்பார். சர்வதேச விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே போகிற நேரம் பார்த்து அங்கிருந்து வருகிற பேச்சுக்காக 145.800 மெகாஹெர்ட்ஸில் காத்திருப்பார். வெளியே ஆன்டெனா வைக்க வழியில்லை. பாட்டையா கட்டிய வீடு, பங்காளிகள் எல்லோருக்கும் பாத்தியம் உண்டு. ஓட்டில் கை வைப்பதென்றால் சென்னை, சிங்கப்பூர் என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். வந்தவருக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரிந்திருக்கிறது. பேச்சைத் தொடங்கியதே "பங்காளிகிட்ட கேக்க வேண்டியதே இல்லண்ணே" என்றுதானாம்.

அவர் ஏமாற்றிய விதத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெட்டியை மாட்டி, அடாப்டரைச் செருகினார். நீல விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் 100.5 வைத்து கோடை பண்பலையை, அதாவது கொடைக்கானல் எஃப்.எம்.மைக் கணீரென்று கேட்க வைத்தார். சித்தி உட்பட எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஆனால் கோடை பண்பலையின் கோபுரம் நிற்பது மலை உச்சியில். பவரும் அதிகம். நம் பக்கம் அது செல்போனில் செருகிய இயர்போன் வயரிலேயே வரும். அதைக் கேட்க வைத்து எந்த ஆன்டெனாவையும் 'சூப்பர்' என்று காட்டிவிடலாம். 145-இல் எங்கோ தூரத்தில் ஒருவர் சின்ன செட்டில் பேசுவது கேட்கிறதா என்பதுதான் சோதனை. அதை அவர் வைத்துக் காட்டவே இல்லை. "சாயங்காலம்தான் ஆள் பேசுவாங்க, தானா வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். "போலீஸ் லைன்கூட எடுக்கும்ணே" என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்தவர் தகவலை ஒட்டுக்கேட்பது குற்றம். உரிமம் வைத்திருக்கிற மனிதரிடம் இப்படிப் பேசியதற்காகவே அந்த ஆள் மேல் எனக்குக் கோபம்.

நான் ஊருக்குப் போனபோது ஸ்கேனரில் வெறும் இரைச்சல்தான். பெட்டியைக் கழற்றினேன். கையில் நல்ல கனம். மூடியை நெம்பித் திறந்தால், கனத்துக்காக ஒரு இரும்புத் தகடு ஒட்டியிருந்தது. நீல விளக்குக்கு ஒரு சின்ன போர்டு. பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு செம்புக் கம்பி. கேபிளின் நடு வயர் அந்தக் கம்பியோடு பற்றவைக்கப்படவில்லை. விளக்கு போர்டோடும் சேரவில்லை. பசை துப்பாக்கியால் பெட்டியின் ஓரத்தில் ஒட்டிவிட்டிருந்தார்கள். அதாவது அங்கே ஆன்டெனா என்ற ஒன்றே கிடையாது. கோடை பண்பலை கேட்டது அந்த கேபிள் தானாக வாங்கிய சிக்னல்.

மாட்டியது கேபிள் டிவிக்குப் போடுகிற 75 ஓம் வகைக் கேபிள். ஸ்கேனருக்கு 50 ஓம் வகைதான் சரி என்றாலும், கேட்பதற்கு மட்டும் என்றால் அது பெரிய குறை இல்லை. அதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேபிளைக் கொண்டுபோவதற்கு, பட்டாலை என்கிற முன்கூடத்தில் இருந்து வளவு என்கிற நடுமுற்றத்துக்குப் போகிற பர்மா தேக்கு வாசல் நிலையில், பூவேலைக்கு நடுவே டிரில் போட்டிருக்கிறார். பக்கத்திலேயே பழைய மின்சார வயர் போகிற துவாரம் இருக்கிறது. அதைக் காட்டிச் சித்தி சொல்லியும், "ஒண்ணும் தெரியாது ஆச்சி, மெழுகு வச்சு அடைச்சிடுவேன்" என்றாராம். அடைக்கவும் இல்லை. 6,500 ரூபாய் போனது போகட்டும், அந்த நிலையைச் சரிசெய்ய இன்றைக்கு ஆசாரிக்கு எங்கே போவது?

அப்புறம் நாங்களே ஒன்று செய்தோம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, 49 சென்டிமீட்டரில் வீட்டு வயரிங் செம்புக் கம்பி இரண்டு துண்டு வெட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாயில் ஒன்று மேல் நோக்கி, ஒன்று கீழ் நோக்கிக் கட்டினோம். கேபிளின் நடு வயரை மேல் கம்பியிலும், அதைச் சுற்றியிருக்கிற பின்னல் வயரைக் கீழ்க் கம்பியிலும் பற்றவைத்தோம். கீழே பட்டாலையில் மாட்டவில்லை. அங்கே சுவர் தடிமன், போதாததற்கு வளவுக்கு மேலே குரங்குக்காகப் போட்ட இரும்புக் கம்பி வலை வேறு. மேலே மெத்தையில் (மாடியில்), நாட்டு ஓட்டுக்குக் கீழே, ஜன்னல் கம்பியில் இருந்து நன்றாகத் தள்ளித் தொங்கவிட்டோம். காய்ந்த ஓடு சிக்னலைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு பக்கத்தில் இருந்தால்தான் கெடும். மலிவான எல்.இ.டி. பல்பு ஒன்று இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினோம். சாயங்காலம் மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர் பேசுவது தெளிவாக வந்தது. மொத்தச் செலவு சில நூறு ரூபாய்தான்.

உங்கள் வீட்டுக்கும் அந்த ஆள் வந்தால், பண்பலையை வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கிற, பலவீனமாக வருகிற அலைவரிசையைப் பழைய ஆன்டெனாவிலும் புதியதிலும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். சிக்னலைப் பெரிதாக்குகிற 'பூஸ்டர்' என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். அது இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். பெட்டியைத் திறக்கக்கூடாது, திறந்தால் வாரன்டி போய்விடும் என்று சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ரசீது தரவில்லை. ஆனால் பணம் ஜிபேயில் போனதால் பதிவு இருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இருப்பது அவர் சொன்ன பெயர் இல்லை. அந்தப் பதிவையும், திறந்த பெட்டியின் படங்களையும் வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறோம். இதே பெட்டியை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.