பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு: துணைத் தேர்வா, திறந்தநிலைப் பள்ளியா?

ஒன்றிரண்டு பாடத்தில் மட்டும் தவறியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், துணைத் தேர்வுதான். தவறிய பாடத்தை மட்டும் எழுதி, தேறினால் அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேரலாம். பெரும்பாலும் காலை வாருவது கணக்கு. அதில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, ஆக 30. கூடவே மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்கள் சரியானால் தேர்ச்சிக்கான 35 தாண்டிவிடும். காம்பஸும் ஸ்கேலும் கையில் கொடுத்துத் தினமும் ஒரு முக்கோணம் வரைய வையுங்கள். அறிவியலில் செய்முறை மதிப்பெண் போதாது. எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 கட்டாயம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி, படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டவருக்கு. பதிவு 5 ஆண்டு செல்லும், ஆண்டுக்கு இரு முறை தேர்வு, பாடங்களைப் பிரித்து எழுதலாம். ஆனால் தினமும் விரட்டிப் படிக்கவைக்க ஆசிரியர் இல்லை. பலர் நின்றுபோவது இதனால்தான்.

இன்னொன்று: கல்லூரி மாணவருக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடும் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கும். அரசுப் பள்ளி மாணவரைத் திறந்தநிலைப் பள்ளிக்கு அனுப்புமுன் தலைமை ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்.