60 முட்டை இன்குபேட்டர்: சூடு சரி, மீட்டர் பொய்

முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கிற இந்த இன்குபேட்டர் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் "98 சதவீதம் பொரிப்புத் திறன்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தாளை முதலில் கிழித்துப் போட்டுவிடலாம். முட்டை இட்ட கோழி சேவலோடு இருந்ததா, முட்டை எத்தனை நாள் பழையது, பெட்டியை எந்த அறையில் வைக்கப்போகிறார்கள் என்று எதுவுமே தெரியாமல் ஒரு சதவீதத்தை அச்சடிக்க முடியுமென்றால், நானும் என் கடைப் பலகையில் "இங்கே கட்டிய மோட்டார் எரியாது" என்று எழுதி வைத்துவிடலாம்.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. புதுவயலில் அரிசி ஆலைகள் ஓடுகிறவரை எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. எந்தப் பெட்டி கைக்கு வந்தாலும் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே பின்பக்கத் திருகைக் கழற்றுகிற கை இது. நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். இதே மஞ்சள் பிளாஸ்டிக் உடம்பு, இதே கட்டுப்பாட்டுப் பலகை, ஆறேழு பெயர்களில் விற்கிறது. மாறுவது ஸ்டிக்கர் மட்டும்தான். முட்டையைத் தானாகத் திருப்பும் தட்டு, ஈரப்பத மீட்டர், 12 வோல்ட் பேட்டரி இணைப்பு எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். பார்சல் கூலி தனி.

வாங்கியது அத்தைக்காக. பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு அதன் பின்கட்டில் இருக்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில்; கல்யாணம், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு என்றால்தான் முன்கதவு திறக்கும். கொல்லையில் அத்தையின் சிறுவிடைக் கோழிகள், அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழிகள். சிறுவிடையின் குணம் தெரிந்ததுதானே? பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் திரியும். அதுவரை முட்டை கிடையாது. முட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கோழியின் அடையைத் தெளியவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். இன்குபேட்டர் வாங்குவதற்கு என் கணக்கில் இது ஒன்றுதான் நியாயம். வீட்டில் நல்ல அடைக்கோழி இருந்து, வருடத்துக்குப் பத்துப் பதினைந்து குஞ்சு போதும் என்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 7,500 ரூபாய் மிச்சம்.

சூடு உண்டாக்குகிற வேலையை இந்தப் பெட்டி ஒழுங்காகச் செய்கிறது. ஹீட்டர் 80 வாட். ஃபேன் காற்றைச் சுற்றிவிடுவதால் நான்கு மூலையிலும் நடுவிலும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசமில்லை. பல்பு மட்டும் தொங்கும் தெர்மோகோல் பெட்டிகளில் இது கிடைக்காது; அங்கே நடு முட்டை வேகும், ஓர முட்டை ஆறிப்போகும். ஹீட்டர் விட்டுவிட்டு எரிவதால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம்தான் ஆகிறது.

வம்பு மீட்டரில். ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி வேண்டும். அரை டிகிரி குறைந்தால் பொரிப்பு ஒரு நாள் தள்ளிப்போய்க் குஞ்சு நோஞ்சானாக வரும். ஒரு டிகிரி கூடினால் அவசரமாக வெளியே வந்து தொப்புள் மூடாமல் நிற்கும். இவ்வளவு நுணுக்கமான இடத்தில், பெட்டி 37.5 என்று காட்டியபோது உள்ளே இருந்தது 36.8. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரச வெப்பமானி வீட்டில் இருந்தால் போதும். அது 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். முட்டைக்கு வேண்டியதும் அந்த எல்லைக்குள்தான். நன்றாக உதறிவிட்டு, முட்டையின் மேல்மட்டத்துக்குச் சமமாகப் பத்து நிமிடம் படுக்கவைத்துப் பாருங்கள். கட்டுப்பாட்டுப் பலகையின் உள்ளமைப்பில் சென்சார் திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. வித்தியாசத்தை அங்கே கொடுத்தால் சரியாகிவிடும். இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி கிடையாது.

ஈரப்பத மீட்டரின் பொய் இதைவிடப் பெரியது. சமையல் உப்பு ஒரு கரண்டி, அது கரையாமல் சேறு போல் நனைகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். ஒரு சின்ன மூடியில் வைத்து, சென்சாரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க மூடிவைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். இது உப்பின் இயல்பு. எந்த ஊர் உப்பானாலும் மாறாது. என் பெட்டியின் சென்சார் காலையில் காட்டியது 63. அதை நம்பி 55 காட்டட்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உண்மையில் 67இல் முட்டை ஊறிக்கொண்டிருக்கும்; உள்ளே காற்றறை பெருகாது, குஞ்சு ஓட்டை உடைக்கும் நேரத்தில் மூச்சுக்கு இடமிருக்காது. முதல் 18 நாள் 50 முதல் 55, கடைசி மூன்று நாள் 65க்கு மேல் என்பதுதான் கணக்கு. மீட்டரில் எனக்கு நம்பிக்கை போய்விட்டதால் இப்போது தராசைத்தான் பார்க்கிறேன். முட்டை 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் வரை இழக்க வேண்டும். வைக்கும்போது 40 கிராம் இருந்த முட்டை 18ஆம் நாள் 35 கிராம் பக்கம் வந்திருந்தால் ஈரம் சரி. கடையில் மெல்லிய காப்பர் கம்பி நிறுக்கிற டிஜிட்டல் தராசு இதற்கும் ஆகிவிட்டது.

பெட்டியைவிட, அதை வைக்கிற இடம் முக்கியம். விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. முட்டை வைப்பதற்கு முன் வெறும் பெட்டியை என் கடையில் ஓட்டிப் பார்த்தேன். தகரக் கூரை, சித்திரை மாதம், பிற்பகல். ஹீட்டர் விளக்கு அணைந்தே கிடக்கிறது, உள்ளே 39.6 என்று நிற்கிறது. வெளியே காற்று 39 இருக்கும்போது உள்ளே 37.5 எங்கிருந்து வரும்? இரண்டாம் வாரம் தாண்டினால் முட்டைக்குள் வளர்கிற குஞ்சே சூடு விட ஆரம்பித்துவிடும். 60 முட்டை சேர்ந்தால் அதுவே ஒரு சின்ன ஹீட்டர். குளிர்ந்துபோன முட்டையை இரண்டு மூன்று மணி நேரம்வரை மன்னிக்கலாம், பொரிப்புத்தான் தாமதமாகும். 40.5 டிகிரியில் அரை மணி நேரம் கிடந்த முட்டைக்கு மன்னிப்பே இல்லை.

அதே வாரம் பெட்டியை அத்தை வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், சாமான் அறையில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வைத்தோம். அங்கே பிற்பகலிலும் 32 டிகிரியைத் தாண்டவில்லை. இரவுக்கும் பகலுக்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். கனத்த சுவர், உயர்ந்த கூரை, முற்றத்துக் காற்று. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் என்பார்கள்; எத்தனை கோழிகளின் குஞ்சு அந்தச் சுவரில் போனதோ, இப்போது கொஞ்சம் திரும்பி வருகிறது. இப்படி ஒரு அறை உங்களுக்கு இல்லையென்றால் பங்குனி முதல் ஆனி வரை முட்டை வைக்காதீர்கள். கான்கிரீட் வீட்டின் மாடி அறை எந்த மாதத்துக்கும் ஆகாது.

மின்தடைக்கு வருவோம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலைதான் வரும். "எந்த 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும்" என்கிறது கையேடு. ஹீட்டர் எரியும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கிறது. பைக் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினால் அதிகம். இன்னொன்றும் திருகைக் கழற்றினால்தான் தெரியும்: தட்டைத் திருப்புகிற மோட்டார் 230 வோல்ட்டில் மட்டும் ஓடுகிற வகை. பேட்டரிக்கு மாறியதும் ஹீட்டர் எரியும், ஃபேன் சுற்றும், தட்டு மட்டும் அசையாது. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. முட்டை ஒரே பக்கம் கிடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதிலேயே செருகிவிடுங்கள், இந்தத் தொல்லை இருக்காது.

தட்டின் குழிகள் பண்ணை முட்டைக்காக, அதாவது 55, 60 கிராம் முட்டைக்காக வார்த்தவை. சிறுவிடை முட்டை அதில் லொடலொடவென்று ஆடுகிறது. தட்டு 45 டிகிரி சாயும்போது சில முட்டைகள் கூர்முனை மேலே போகிற மாதிரி புரண்டுவிடுகின்றன. கூர்முனை எப்போதும் கீழே இருக்க வேண்டும். காற்றறை அகன்ற முனையில்தான் இருக்கிறது. குழிக்குக் குழி ஒரு விரல் அகல ஸ்பாஞ்சுத் துண்டு செருகியபிறகு ஆட்டம் நின்றது. காடை முட்டைக்கு இந்தத் தட்டு உதவவே உதவாது.

எனக்குப் பயம் தந்தது ரிலேதான். ஹீட்டரை அணைத்து எரியவைக்கிற அந்தச் சின்ன ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்காமல் எரியும். ஸ்டெபிலைசர்களில் நாங்கள் தினமும் பார்க்கிற நோய் இது. இன்குபேட்டரில் வந்தால் காலையில் 60 அவித்த முட்டை. கடையில் கிடைக்கிற சாதாரண தெர்மோஸ்டாட் ஒன்றை 38.5 டிகிரியில் அமைத்து ஹீட்டர் லைனில் தொடராகச் சேர்த்துவிட்டேன். முதல் காவல் தூங்கினால் இரண்டாம் காவல் துண்டிக்கும். 7,500 ரூபாய் வாங்குகிறவர்கள் இதைத் தாங்களே வைத்துத் தந்திருக்க வேண்டும்.

அத்தைக்கு இதெல்லாம் கவலையில்லை. அடை வைக்கும்போது கூடையில் மணல் பரப்பி, இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு, அதன்மேல் ஒற்றைப்படையில் முட்டை அடுக்குவது அவர் வழக்கம். இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் கரு கலங்கிவிடுமாம். பெட்டிக்கும் அதே மரியாதை. இரும்பும் கரியும் இருக்கட்டும், ஃபேன் ஓடுகிற இடத்தில் மிளகாய் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கூத்தாடி எடுத்தேன். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச்சை வைத்துப் பார்த்தபோது மட்டும் அவர் முகம் மாறியது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் ஓடுகிற செந்நிற நரம்புகள். உற்றுப் பார்த்தால் புள்ளி துடிக்கிறது. தெளிவாக, மஞ்சளாக மட்டும் தெரிந்தவை கருக்கூடாதவை. அவற்றை அன்றே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

18ஆம் நாள் தட்டிலிருந்து எடுத்துக் கீழ்வலையில் படுக்கவைத்தபிறகு கதவைத் திறக்கக் கூடாது. ஓட்டில் விரிசல் விழுந்து குஞ்சு முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். கைகொடுக்கிறேன் என்று திறந்தால் ஈரம் ஓடிப்போய் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளைக்கு உணவாகும், பட்டினி என்று பதற வேண்டாம். பெட்டியின் கீழ்வலை வழுவழுப்பானது. பிறந்த குஞ்சின் கால்கள் இருபக்கமும் வழுக்கி விரிந்துவிடும். சொரசொரப்பான துணி ஒன்று விரிப்பது அவசியம்.

கருக்கூடிய முட்டைகளில் பத்துக்கு ஏழு, எட்டு பொரிக்கிறது. அத்தையின் அடைக்கோழி பத்துக்கு ஒன்பது கொடுக்கும். மீதிக் கதையை அத்தையே சொல்லிவிட்டார்: "ஏப்பா, இது தண்ணீர் குடிக்கிறது, கரண்ட் தின்கிறது. குஞ்சைக் கூப்பிடத் தெரியுமா?" தெரியாது. பருந்து வட்டமிட்டால் குரல் கொடுத்து இறக்கைக்குள் அணைத்துக்கொள்ள இதற்கு வழியில்லை. பெட்டியில் வைக்கிற அன்றே ஒரு கோழியையும் நாலு முட்டையோடு அடையில் உட்காரவைத்துவிடுங்கள். 21ஆம் நாள் இரவு, இருட்டில், பெட்டிக் குஞ்சுகளில் அதன் இறக்கைக்குள் அடங்குகிற அளவை அதன் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டால் காலையில் அத்தனையும் தன் பிள்ளைகள் என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மீதிக் குஞ்சுகளுக்கும், கோழி கிடைக்காதபோதும்தான் பல்புச் சூடு. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். எப்படி வளர்த்தாலும் ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் தடுப்புச் சொட்டு மருந்து விட மறக்கக் கூடாது.

விற்பனைக்குப் பிந்தைய சேவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எதைக் கேட்டாலும் "முட்டை சரியில்லை சார்" என்றார்கள். சென்சார் தவறாகக் காட்டுகிறது என்றதற்கும் அதே பதில்தான்.

ஐந்துக்கு மூன்று. ஹீட்டருக்கும் ஃபேனுக்கும் இரண்டு, தானாகத் திருப்பும் தட்டுக்கு ஒன்று. மீட்டருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. குளிர்ந்த அறையும், இன்வெர்ட்டரும், நாலைந்து கோழிக்கு ஒரு சேவலும் இருப்பவர்கள் வாங்கலாம். இரண்டாவது தெர்மோஸ்டாட்டை மட்டும் நீங்களே இணைக்கப் போகாதீர்கள், 230 வோல்ட் விளையாட்டு. பக்கத்தில் இருக்கிற எலெக்ட்ரீஷியனிடம் "ஹீட்டர் லைனில் தொடராக, 38.5இல்" என்று சொன்னால் அரை மணி நேர வேலை. பொருள் விலை போகக் கூலியாக 300 ரூபாய்க்கு மேல் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.