மாஷ் மூன்றாம் பருவ டிவிடி: ஹென்றி பிளேக்கை இப்படிக் கொன்றிருக்க வேண்டுமா?

தொடர் வந்து ஐம்பது வருடம் ஆகிவிட்டது, அதனால் முடிவை மூடி மறைத்து எழுதப் போவதில்லை. 'மாஷ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் மூன்றாம் பருவக் கடைசிப் பாகத்தில் லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளேக் செத்துப் போகிறார். அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதை 1975 மார்ச் 18ஆம் தேதி ஒளிபரப்பியது. பார்த்தவர்கள் அழுதார்கள், அப்புறம் உட்கார்ந்து திட்டிக் கடிதம் எழுதினார்கள். தொலைக்காட்சியில் வந்த சாவுகளிலேயே உண்மையானது இதுதான் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிரிக்க உட்கார்ந்தவனை ஏமாற்றி அழவைத்த வேலை என்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற ஓ.டி. தாதி, அதாவது அறுவைச் சிகிச்சை அறைத் தாதி, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். அந்தச் சாவுச் செய்தி ஓ.டி.க்குள்தான் வருகிறது என்பதால் எனக்கும் இதில் சொல்ல ஒன்று உண்டு.

முதலில் பெட்டி. அம்கோர்ப் மாலில் வார இறுதியில் பழைய சாமான் சந்தை போடுவார்களே, அங்கே என் மருமகன் இருபத்தைந்து ரிங்கிட்டுக்கு வாங்கி வந்தார். மூன்று வட்டு, 24 பாகங்கள். அட்டை மூலை கொஞ்சம் நசுங்கியிருந்தது, வட்டில் கீறல் இல்லை. விற்றவர் எல்லா பிளேயரிலும் ஓடும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். ஓடவில்லை. இது அமெரிக்கப் பதிப்பு, முதலாம் மண்டலம். நம் நாடு மூன்றாம் மண்டலம். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்றை மருமகன் தேடிப் பிடித்த பிறகுதான் படம் வந்தது. வாங்குபவர்கள் இதைப் பார்த்து வாங்குங்கள். தமிழ், மலாய் வசன வரிகள் கிடையாது, ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது, பின்னணிச் சிரிப்பொலியை நிறுத்திக்கொள்ளும் வசதி. தொடரை எடுத்தவர்களுக்கு அந்தப் பதிவுச் சிரிப்பே வேண்டாமாம். நகைச்சுவைத் தொடர் என்றால் சிரிப்பு இருந்தே ஆகவேண்டும் என்று சி.பி.எஸ். பிடிவாதம் பிடித்திருக்கிறது. கடைசியில், ஓ.டி. காட்சிகளில் மட்டும் சிரிப்பு வராது என்று சமாதானம் ஆனார்கள். பிரிட்டனில் பிபிசி அந்தச் சத்தமே இல்லாமல் ஒளிபரப்பியது. நானும் மற்ற பாகங்களை எல்லாம் சிரிப்பை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறேன், நிம்மதியாக இருக்கிறது. கடைசிப் பாகத்துக்கு மட்டும் அதை ஓடவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதை சின்னதுதான். கொரியப் போர், கூடாரம் போட்ட ராணுவ மருத்துவமனை. தலைமை டாக்டர் ஹென்றி பிளேக். தூண்டில் முள் குத்திய தொப்பி போட்டுக்கொண்டு, எந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் போட்டுக் கொடுக்கும் ஆள். மேலதிகாரி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கத்தியைக் கையில் எடுத்தால் நல்ல டாக்டர். இப்படி ஒருத்தரோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் அவர் மேல் எனக்குத் தனி ஒட்டுதல். சேவைக்காலம் முடிந்து அவருக்கு வீட்டுக்குப் போக உத்தரவு வருகிறது. சாப்பாடு, குடி, கேலி, புதுக் கோட்டு சூட்டு. அவருடைய எழுத்தர் ரேடார் என்ற பையன், அப்பாவைப் போல அவரை நினைப்பவன். ஹென்றி தன் அப்பாவின் வெப்பமானியை அவனுக்குப் பரிசாகக் கொடுக்கிறார். வாயில் வைக்கும் வெப்பமானி இல்லை, மற்றது. அதை வாங்கிக்கொண்டு பையன் உருகுகிறான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் அது. ஹெலிகாப்டர் கிளம்பும் நேரத்தில் ஹென்றி திரும்பி ஓடி வந்து அவனைக் கட்டிக்கொள்கிறார். சரி, நல்லபடியாக அனுப்பிவைத்துவிட்டார்கள் என்று நாமும் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறோம்.

அடுத்து ஓ.டி. எல்லா மேசையிலும் ஆள். ரேடார் உள்ளே வருகிறான், முகக்கவசம் இல்லாமல். மாஸ்க் போடுடா என்று டாக்டர் டிராப்பர் அதட்டுகிறார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கையில் ஒரு தாள். ஹென்றி போன விமானம் ஜப்பான் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, சுழன்று விழுந்தது, யாரும் பிழைக்கவில்லை என்று வாசிக்கிறான். குரல் உயரவில்லை, உடையவும் இல்லை. எங்கோ ஒரு கருவி கீழே விழும் சத்தம். கேமரா மெல்ல நகர்ந்து ஒவ்வொரு மேசையாகக் காட்டுகிறது. யாரும் கையை எடுக்கவில்லை. வேலை நடக்கிறது.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எழுதி வைத்து எடுத்தது இல்லை. கடைசிப் பக்கத்தை நடிகர்களுக்குக் காட்டாமலே வைத்திருந்தார்கள். டாக்டர் ஹாக்கையாக நடித்த ஆலன் ஆல்டா ஒருவருக்குத்தான் முன்பே தெரியும். மற்றவர்கள் படப்பிடிப்பு முடிந்தது என்று நினைத்த நேரத்தில் இயக்குநர் லேரி கெல்பார்ட் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாராம். முதல் தடவை எடுத்தது சரியாக வரவில்லை, இரண்டாவது தடவை எடுத்தபோது யார் கையிலிருந்தோ கருவி நழுவிவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். புத்திசாலித்தனம். ஓ.டி.யில் கருவி விழும் சத்தம் வயிற்றுக்குள் இறங்கும். சுத்தக் கையுறை போட்ட யாரும் அதைக் குனிந்து எடுக்கக் கூடாது. வெளியே நிற்கும் தாதி எடுத்து ஓரமாக வைப்பாள். கடைசியில் கருவி, பஞ்சு, துணி எல்லாம் எண்ணும்போது அதுவும் கணக்கில் வரவேண்டும். யார் செத்தாலும் அந்த எண்ணிக்கை நடக்கும்.

இன்னொன்று, கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்க முடியாது. கண்ணீர் வந்தால் மாஸ்க்குக்குள்தான் இறங்கும். மேல் உதடு ஈரமாகி, துணி மூக்கில் ஒட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். இந்தக் காட்சியில் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். பாதி முகம் மூடியிருக்கிறது, நடிப்பதற்குக் கண் மட்டும்தான் மிச்சம். கத்தி அழ வாயே இல்லை. இவ்வளவு கையைக் கட்டிப்போட்டு எடுத்ததால்தான் இது மிகை ஆகவில்லை என்பது என் கட்சி. சாவு பெரிய விஷயம்தான், ஆனால் மேசையில் படுத்திருப்பவனுக்கு இன்னும் வயிறு திறந்திருக்கிறது.

நாங்களாக இருந்தால் இப்படி நடுவில் சொல்லியிருக்க மாட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மயக்க மருந்து டாக்டரின் அம்மா தவறிவிட்டார் என்று எங்கள் சுவர்த் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. எங்கள் சிஸ்டர் கேட்டுக்கொண்டார், வைத்தார், தோல் தையல் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஏதோ புரிந்தது, ஆனாலும் பஞ்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தால் ரேடார் செய்தது தப்பு. ஆனால் அவன் ஓ.டி. ஆள் இல்லை, எழுத்தர். அவனுக்கு அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெளியே தனியாக நிற்கத் தெரியவில்லை. மாஸ்க் போடாமல் வந்ததிலேயே அது தெரிகிறது.

இந்தப் பாகத்தை என் தங்கையோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். அவள் ஆஸ்ட்ரோவில் வரும் தமிழ்த் தொடர் ஒன்றையும் விடமாட்டாள். திரை இருண்டதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, அவ்வளவுதானா? உடம்பைக்கூடக் காட்டலையே" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் தொடர்களில் சாவு என்றால் சாவு வீடு முழுக்க வரும்: கண்ணாடிப் பெட்டி, மாலை, ஒவ்வொரு உறவாக வாசலில் வந்து அலறுவது, அதை மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவது, இடையில் விளம்பரம். 2021இல் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' லட்சுமி அம்மா செத்தபோது எங்கள் வீட்டில் அந்த வாரம் இரவுச் சாப்பாடு நேரத்துக்கு ஆகவில்லை. நான் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். அம்மாவாக நடித்த ஷீலா அசையாமல் கிடந்ததும், கடைசி மகன் கண்ணன் நேரத்துக்கு வந்து சேர முடியாமல் போனதும் என் தொண்டையை அடைத்தது. நம்மவர்களுக்குச் சாவு என்பது ஊர் கூடி அழுவது. மின்சுடலைக்குக் கொண்டு போகும்வரை அழுது தீர்க்க வேண்டும், எட்டாம் துக்கம், கருமக்கிரியை என்று படிப்படியாக இறக்கி வைக்க வேண்டும். தொடர் நீளமாகக் காட்டுவதில் தப்பில்லை. பின்னணி இசைக்காரர் நம்மை நம்பாமல் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் வயலினை இழுக்கும்போதுதான் எனக்குக் கண்ணீர் நின்றுவிடுகிறது.

'மாஷ்' அந்த வயலினை எடுக்கவில்லை. உடலையும் காட்டவில்லை, ஏனென்றால் உடலே இல்லை. விமானம் கடலில் விழுந்தது என்ற ஒரு வரியை, எம்.எச்.370 காணாமல் போன 2014க்குப் பிறகு இந்த ஊரில் யாரும் சும்மா கேட்டுவிட முடியாது. தங்கைக்கும் அது உறைத்திருக்க வேண்டும்; அதற்கப்புறம் அவள் உடம்பைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது சிரிப்பொலி விஷயம். ஓடவிட்டுப் பார்த்தால், விடைபெறும் காட்சி முழுக்க யாரோ ஒரு கூட்டம் நம்மோடு சிரித்துக்கொண்டே வருகிறது. ஓ.டி. வாசலில் அந்தக் கூட்டம் நின்றுவிடுகிறது. ரேடார் வாசித்து முடிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை. நிறுத்தி வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கிடைக்காது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் கடைசியிலேயே. ஓ.டி. காட்சி முடிந்ததும் ஹென்றி முன்பு செய்த கூத்துகளை எல்லாம் துண்டு துண்டாகக் கோத்து ஒரு அஞ்சலிப் படம் போடுகிறார்கள். நடிகர் மெக்லீன் ஸ்டீவன்சன் தொடரை விட்டுப் போகிறார், அவருக்கு மரியாதை செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் அந்த இடத்தில் அது கண்ணீர் அஞ்சலி விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்த அடியை அவர்களே தடவிக் கொடுக்கிறார்கள். மிகை என்று யாராவது சொன்னால், இந்தத் துண்டுக்கு நான் ஒத்துக்கொள்வேன். என் யோசனை: ஓ.டி. இருண்டதும் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுங்கள். இதில் ஓரவஞ்சனை வேறு. டிராப்பராக நடித்த வெய்ன் ரோஜர்ஸும் அந்தப் பருவத்தோடு விலகிவிட்டார், அவருக்கு ஒரு டாட்டாகூடக் கிடையாது. அடுத்த பருவத்தில் அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று வாயால் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

விலகும் நடிகரைப் பழிவாங்கத்தான் கொன்றார்கள் என்றும் பேச்சு இருந்தது. தயாரித்தவர்கள் சொன்ன காரணம், போரில் எல்லாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்பது. எனக்கு அது போதும். வாரா வாரம் பெயர் தெரியாத பையன்கள் அந்த மேசைகளில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள், நாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

தாதியாக ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். இந்த மூன்று பருவத்திலும் தாதிகளைத் துரத்துவதும், குளிக்கும் இடத்தில் எட்டிப் பார்ப்பதும்தான் டாக்டர்களுக்கு வேடிக்கை. தலைமைத் தாதி மார்கரெட்டை ஒரு கேலிப் பொருளாகவே வைத்திருக்கிறார்கள். பின்னால் வரும் பருவங்களில்தான் அவளுக்கு மனுஷி என்ற இடம் கிடைக்கிறது. ஆனாலும் தாதியாகப் பின்னால் நிற்கும் நடிகை கெல்லி நகஹாராவைக் கவனியுங்கள். ஆரம்பப் பருவங்களிலிருந்து கடைசிவரை வந்தவர், இந்தக் காலத்தில் வசனமே அவ்வளவாக இல்லாதவர். எனக்கு எல்லா டாக்டர்களையும்விட அவர் நிற்கிற நிற்பு பிடிக்கும்.

மருமகனிடம் நான்காம் பருவத்தையும் தேடச் சொல்லியிருக்கிறேன். அதில் ஹென்றி இடத்துக்கு கர்னல் பாட்டர் என்ற பெரியவர் வருகிறார். தங்கைக்கு இப்போதே சந்தேகம். "இந்தக் கிழவனையும் கொன்னுடுவாங்களா? முன்னாடியே சொல்லிடுக்கா, இல்லாட்டி நான் பார்க்கலை." கொல்ல மாட்டார்கள், 1983இல் தொடர் முடியும்வரை இருப்பார், கடைசியில் குதிரையில் ஏறிப் போவார் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் வாங்கச் சொல் என்றாள்.