பெர்சியன் பூனைக்கு எஃகுச் சீப்பா, ஸ்லிக்கர் பிரஷ்ஷா?

பெர்சியன் பூனையின் நீண்ட மேல்மயிருக்கு அடியில் பஞ்சு போன்ற உள்மயிர் அடர்ந்திருப்பதால், எந்தக் கருவி தோல்வரை சென்று சேர்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சிக்கு: சீப்பின் பற்கள் மயிரின் அடிவரை இறங்குவதால், காதுக்குப் பின்னும் முன்னங்கால் இடுக்கிலும் வயிற்றிலும் தொடங்கும் முடிச்சு உடனே தட்டுப்படும். மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த ஸ்லிக்கர் பிரஷ்ஷோ மேற்பரப்பை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு, அடியில் இருக்கும் சடையை மறைத்துவிடக்கூடும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

உதிர்மயிர்: இதில் பிரஷ்ஷே மேல். அதன் வளைந்த கம்பிகள் ஒரே இழுப்பில் நிறைய மயிரை வாரி எடுப்பதால், பூனை நக்கி விழுங்கும் மயிரும் குறைகிறது. ஆனால் அழுத்தித் தேய்த்தால் தோலில் கீறல் விழும்.

நீடித்து உழைப்பது: சீப்பு பல ஆண்டுகள் வரும், பிரஷ்ஷின் கம்பிகள் நாளடைவில் வளைந்துவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சீப்பையே வாங்கலாம். நாள்தோறும் வாரப்பட்டுச் சிக்கில்லாமல் இருந்தும் மயிர் மிகுதியாக உதிர்க்கும் பூனைக்குப் பிரஷ் பொருந்தும். இறுகிய சடையை இரண்டாலும் இழுக்கக் கூடாது. பூனையின் மெல்லிய தோல் சடையோடு சேர்ந்து மேலெழும் என்பதால் கத்தரிக்கோலும் ஆபத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று சடையை மழிக்கச் செய்வதே பாதுகாப்பு.